ஒரு டாலர் ஒப்பந்தமும் ஒரு கிட்டார் சோலோவும்

போன ஞாயிற்றுக்கிழமை என் பழைய மாணவர்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. எனக்கு இன்னும் பையன்கள்தான். காபி ஆறிப்போகும் வரை ஒரே சண்டை. ராக் இசையில் தலைசிறந்த எலெக்ட்ரிக் கிட்டார் சோலோ எது? ஒருவனுக்கு ஈகிள்ஸ் குழுவின் 'ஹோட்டல் கலிஃபோர்னியா'. இன்னொருவனுக்கு பிங்க் ஃப்ளாய்டின் 'கம்ஃபர்ட்டப்ளி நம்ப்'. கடைசியில், "சார், நீங்களே சொல்லுங்க" என்றார்கள். சொன்னேன். இருவருக்குமே பிடிக்கவில்லை. அன்று அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதிவிடுகிறேன்.

முதலில் ஒரு சின்ன முன்கதை. பாடகர் நிறுத்தியதும் கிட்டார் தனியாக எழுந்து பேசுகிற இடம்தான் சோலோ. 1930களின் நடுப்பகுதி வரை பெரிய ஜாஸ் குழுக்களில் கிட்டாருக்கு அந்த வாய்ப்பே பெரும்பாலும் இல்லை. ட்ரம்பெட்டும் டிரம்ஸும் முழங்கும்போது மரக் கிட்டாரின் சத்தம் யார் காதில் விழும்? 1936இல் கிப்சன் நிறுவனம் ஈஎஸ்-150 என்ற மின்சாரக் கிட்டாரைக் கொண்டுவந்தது. அதை எடுத்துக்கொண்டு 1939இல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்த சார்லி கிறிஸ்டியன் என்ற கறுப்பின இளைஞர், சாக்ஸஃபோன்காரர் வாசிப்பது போல நீண்ட வரிகளை கிட்டாரில் வாசித்தார். 1942இல் காசநோயில் இறந்துபோனார். வயது 25. ப்ளூஸ் பக்கம் டி-போன் வாக்கர் வந்தார். அவரைக் கேட்டு மயங்கிய பி.பி. கிங், ஒரே சுரத்தை விரலால் அசைத்து அசைத்து அழவைத்தார். நம் கமகம் தெரிந்தவர்களுக்கு அது உடனே பிடிபடும். லண்டன் பையன்கள் இவர்களுடைய இசைத்தட்டுகளைக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டார்கள். இதையெல்லாம் விட்டுவிட்டு 1970களில் பட்டியலைத் தொடங்குவது, விஜயாலயனை விட்டுவிட்டு ராஜராஜனில் சோழர் பாடத்தைத் தொடங்குவது மாதிரி.

சரி, பையன்களின் வேட்பாளர்களுக்கு வருவோம். இரண்டுமே அருமையானவை, மறுக்கவில்லை. ஆனால் இரண்டும் செதுக்கிச் செதுக்கிக் கட்டியவை. டேவிட் கில்மோர் ஐந்தாறு முறை வாசித்துப் பதிவு செய்து, ஒவ்வொன்றிலும் நல்ல இடங்களைக் குறித்துவைத்து, அவற்றை ஒட்டித்தான் அந்த சோலோவை உருவாக்கினார். ஹோட்டல் கலிஃபோர்னியா கதை இன்னும் வேடிக்கை. டான் ஃபெல்டர் தன் வீட்டில் ஒரு கேசட்டில் மாதிரி வாசித்து வைத்திருந்தார். மயாமியில் பதிவு நடக்கும்போது அவரும் ஜோ வால்ஷும் புதிதாக வாசிக்கத் தொடங்க, டான் ஹென்லி "கேசட்டில் இருப்பது மாதிரியே வேண்டும்" என்று பிடிவாதம் பிடித்தார். கேசட் லாஸ் ஏஞ்சல்ஸ் வீட்டில். வீட்டு வேலை பார்த்த அம்மாவுக்குப் போன் போட்டு, ரிசீவர் பக்கத்தில் கேசட்டை ஓடவிடச் சொல்லி, அதைக் கேட்டுத் தன் வாசிப்பையே மறுபடி கற்றுக்கொண்டார் ஃபெல்டர்! கட்டிய வீடு கட்டிய வீடுதான், குறை சொல்ல ஒன்றுமில்லை.

என் ஓட்டு ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் 'மெஷின் கன்' பாட்டுக்கு. 1970 ஜனவரி 1, நியூயார்க்கில் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கம், அன்றைய முதல் காட்சி.

தேதியைக் கவனியுங்கள். அதற்கு முந்தைய நவம்பரில்தான் மை லாய் படுகொலை வெளியே தெரிந்தது. வியட்நாமில் ஒரு கிராமத்து மக்களை, பெண்கள் குழந்தைகள் உட்பட, அமெரிக்கப் படையினர் சுட்டுக் கொன்றிருந்தார்கள். டிசம்பர் 1ஆம் தேதி எந்தப் பிறந்தநாள்காரர்கள் முதலில் பட்டாளத்துக்குப் போக வேண்டும் என்று குலுக்கல் போட்டார்கள். அரங்கில் உட்கார்ந்திருந்த பையன்களில் எத்தனை பேர் சட்டைப் பையில் அந்தக் கவலை இருந்திருக்கும்! ஹெண்ட்ரிக்ஸ் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லிவிட்டு, சிகாகோவிலும் மில்வாக்கியிலும் நியூயார்க்கிலும் போராடும் வீரர்களுக்கு இந்தப் பாட்டு என்றார். பிறகு, நினைவு வந்தவர் போல, வியட்நாமில் போரிடும் வீரர்களுக்கும் என்றார். வரிசையைப் பாருங்கள், சொந்த ஊர்த் தெருக்கள் முதலில்.

அவர் சும்மா சொன்னவரில்லை. 1961இல், திருட்டுக் காரில் பிடிபட்டு, சிறையா பட்டாளமா என்ற நிலையில் பட்டாளத்தில் சேர்ந்தவர். 101ஆவது வான்படைப் பிரிவில் பாராசூட் வீரர். வியட்நாமுக்கு அனுப்பப்படும் முன்பே 1962இல் வெளியே வந்துவிட்டார். அன்று பக்கத்தில் பேஸ் கிட்டார் வாசித்த பில்லி காக்ஸ் அவருடைய பட்டாளத்துக் கூட்டாளி. பட்டி மைல்ஸ் டிரம்ஸில் துப்பாக்கி வெடிப்பது போல அடித்துக்கொண்டே இருக்க, நான்காவது நிமிடத்தை ஒட்டி ஹெண்ட்ரிக்ஸ் ஒரே ஒரு சுரத்தைப் பிடிக்கிறார். அது அணையவே மாட்டேன் என்கிறது. காரணம் மாயமில்லை. ஸ்பீக்கரில் வரும் பெருஞ்சத்தம் கிட்டார் தந்தியைத் திரும்ப அதிரவைக்கிறது, அந்த அதிர்வு மறுபடி ஸ்பீக்கருக்குப் போகிறது. மற்றவர்கள் கோளாறு என்று ஒதுக்கிய இந்த ஊளையை அவர் தன் குரலாக்கிக்கொண்டார். அதற்குப் பிறகு வருவது ஹெலிகாப்டரா, அலறலா, ஒப்பாரியா? எனக்கு ஒவ்வொரு தடவையும் ஒவ்வொன்றாகக் கேட்கிறது. ஒட்டும் வேலை எதுவும் இல்லை. விரல் தவறியிருந்தால் தவறியதுதான்.

இந்தப் பதிவு இசைத்தட்டாக வந்ததே ஒரு கடனை அடைக்கத்தான் என்பது இன்னொரு கதை. 1965இல், கையில் காசில்லாத காலத்தில், எட் சால்பின் என்ற தயாரிப்பாளரிடம் ஒரு டாலருக்கும் ஒரு சதவீத ராயல்டிக்கும் ஹெண்ட்ரிக்ஸ் கையெழுத்துப் போட்டிருந்தார். புகழ் வந்ததும் அந்தத் தாள் வழக்காக வந்து நின்றது. சமரசமாக ஒரு ஆல்பம் கொடுத்தாக வேண்டும். அதற்காகப் பதிவு செய்யப்பட்டவைதான் அந்த இரண்டு நாள் கச்சேரிகள். மார்ச்சில் தட்டு வெளிவந்தது. செப்டம்பர் 18ஆம் தேதி லண்டனில் அவர் இறந்தார். வயது 27.

"சார், அதுல மெட்டே இல்லையே" என்றான் கில்மோர் கட்சிக்காரன். உண்மைதான். அழகுக்குத்தான் பரிசு என்றால் அவன் ஜெயித்துவிட்டான், நானே கையெழுத்துப் போட்டுத் தருகிறேன். ஆனால் அந்த வருடம் எப்படி இருந்தது என்று ஒரு வகுப்புக்குச் சொல்ல எனக்குப் பன்னிரண்டு நிமிடம்தான் கொடுத்தால், புத்தகத்தை மூடிவிட்டு இதைத்தான் போட்டுக் காட்டுவேன்.

மறுநாள் காலை போன் செய்தான். "கேட்டேன் சார். ராத்திரி தனியா கேக்கக் கூடாது போல. பாதியில லைட்டைப் போட்டுட்டேன்." கட்சி மாறினானா என்று கேட்டேன். இல்லையாம்.