விருந்தாளிக்கு ஏற்ற வேலை எது?

வெளிநாட்டுக்குச் சுற்றுலா கிளம்பும் மகன் கேட்கிறான்: ‘பத்து நாள் அங்கேதானே இருக்கப் போகிறேன், யாருக்காவது உதவியாக ஏதாவது செய்யலாமா, அப்பா?’ அப்பா சொல்கிறார்: ‘ஊர் பார்க்கப் போனால் ஊரைப் பார். உதவி செய்ய உள்ளூர்க்காரர்கள் இருக்கிறார்கள்.’ இருவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. தீர்ப்பு வேண்டுமானால் கோலாலம்பூர் சரித்திரத்தைத்தான் புரட்ட வேண்டும். அந்த ஊரைக் கட்டியவர்களில் வெளியிலிருந்து வந்தவர்களே அதிகம்.

1881-ல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரைச் சிதைத்தன. பிறகு செங்கல் கட்டடங்கள் எழுந்தன. செங்கல் சூளைகள் இருந்த பகுதிக்கு பிரிக்பீல்ட்ஸ் என்று பெயர் வந்தது. 1886-ல் கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் இடையே ரயில் ஓடத் தொடங்கியது. ரயில்வே வேலைக்கு யாழ்ப்பாணத் தமிழர்கள் வந்தார்கள். ரப்பர் தோட்டங்களுக்குத் தமிழ்நாட்டிலிருந்து கப்பல் கப்பலாக ஆட்கள் வந்தார்கள்.

பிழைக்கப் போனவர்கள் சம்பாதிப்பதோடு நிற்கவில்லை. 1904-ல் இலங்கைத் தமிழர்கள் பிரிக்பீல்ட்ஸில் விவேகானந்த ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். படிக்க ஓர் இடம், பிறகு பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் என்று அந்தப் பணி வளர்ந்தது.

அடுத்து வந்தது யுத்தம். ஜப்பானியர் ஆட்சியில் தோட்டத் தமிழர்கள் ஆயிரமாயிரமாக சயாம் ரயில் பாதை போடக் கொண்டு போகப்பட்டார்கள். பலர் திரும்பவே இல்லை. 1946 மார்ச்சில் மலாயா வந்த நேரு அங்கிருந்த இந்தியர்களின் நிலையை நேரில் பார்த்தார். அதே ஆண்டு இந்தியாவிலிருந்து காங்கிரஸ் மருத்துவக் குழு வந்தது.

வந்தவர்கள் டாக்டர்கள். அவர்கள் கையில் மருந்து இருந்தது. ஆனால் எந்தத் தோட்டத்தில் யார் படுத்த படுக்கையாகக் கிடக்கிறார் என்று வெளியூர் டாக்டருக்கு எப்படித் தெரியும்? அதற்கு உள்ளூர் ஆட்கள் வேண்டும். அப்படிச் சேர்ந்தவர்களில் ஒருவர் கோலாலம்பூரில் பிறந்த ஜானகி. நேதாஜியின் ஜான்சி ராணிப் படையில் இருந்த அதே ஜானகிதான். பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என்று அறியப்பட்ட அவருக்கு 2000-ல் இந்திய அரசு பத்மஸ்ரீ வழங்கியது. வந்தவரின் திறமையும் இருந்தவரின் ஊரறிவும் சேர்ந்தால்தான் சேவை சேர வேண்டிய இடத்தில் சேரும்.

இன்னொரு கதையும் உண்டு. 1949-ல் சுவாமி சத்தியானந்தா, கோலாலம்பூரை அடுத்த பூச்சோங் சாலையில் சுத்த சமாஜத்தை நிறுவினார். அவரோடு துணை நின்றவர் சிங்கப்பூரில் பிறந்த மங்களம் அம்மையார். 1961-ல் சுவாமி மறைந்தார். அம்மையார் போகவில்லை. ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கியபடி, 2023-ல் கண்மூடும் வரை அங்கேயே இருந்தார். எழுபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட சேவை! மலேசியர்கள் அவரை அன்னை மங்களம் என்றே அழைத்தார்கள்.

மகன் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். தாய் தகப்பன் இல்லாத குழந்தைக்கு வேண்டியது நாளைக்கும் வருகிற முகம். பத்து நாள் கொஞ்சி விளையாடி, கையசைத்து விமானம் ஏறினால் அந்தப் பிஞ்சு மனம் இன்னொரு முறை பிரிவைச் சுமக்கும். நல்ல எண்ணத்தோடு செய்ததும் நோகடிக்கும் என்பதற்கு இதைவிட வேறு உதாரணம் வேண்டுமா?

அப்படியானால் விருந்தாளிக்கு வேலையே இல்லையா? ஏன் இல்லை! கோயில் அன்னதானத்தில் காய் நறுக்கலாம், இலை எடுக்கலாம். பிரிக்பீல்ட்ஸில் 1951-ல் உருவான பார்வையற்றோர் சங்கம் போன்ற அமைப்புகளிடம், ‘என்னால் ஆகக்கூடியது ஏதாவது உண்டா?’ என்று முன்கூட்டியே எழுதிக் கேட்கலாம். சுற்றுலா அனுமதியில் போனவர் சம்பளத்துக்கு வேலை பார்க்கக் கூடாது. சம்பளம் இல்லாத சேவைக்கும் தனி அனுமதி தேவையா என்று மலேசியக் குடிநுழைவுத் துறையிடம் கேட்டுத் தெளிந்துகொள்வது நல்லது. இல்லையென்றால் சிக்கல் போனவருக்கு மட்டுமல்ல, இடம் கொடுத்தவருக்கும்தான்.

ஆக, தீர்ப்பு என்ன? மகன் ஆசை நல்ல ஆசை, அப்பாவின் எச்சரிக்கை நல்ல எச்சரிக்கை. பத்து நாள் இருப்பவர் பத்து நாளில் முடிகிற வேலையைக் கேட்டு வாங்கட்டும். உறவாக மாறுகிற வேலையை, அங்கேயே தங்குகிறவர்களிடம் விட்டுவிடட்டும்.