1990 ஐ அழைத்தால் வருவது யார்?

காசில்லாமல் அம்புலன்ஸ் வாசலுக்கே வரும் என்று சொன்னபோது அம்மா நம்பவில்லை. 2009 இல் காயப்பட்ட சனத்தை உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிப்போனதைக் கண்டவர் அவர்.

1990 சுவசெரிய சேவை 2016 யூலையில் இந்திய நன்கொடையாகக் கிடைத்த 88 வண்டிகளுடன் மேல், தென் மாகாணங்களில் தொடங்கியது. வடக்குக்கு அது வர இரண்டு வருடம் பிடித்தது. 2018 யூலை 21 இல் யாழ்ப்பாணத்தில் ஆரம்பித்து வைத்தார்கள். அதே வருடத்துச் சட்டமொன்றின் கீழ் அமைந்த சுவசெரிய மன்றம் இப்போது அதை நடத்துகிறது.

வண்டியில் வைத்தியர் இருப்பதில்லை. இருப்பவர்கள் இருவர்: சாரதி (சேவைக்குள் அவரைப் 'பைலட்' என்பார்கள்), மற்றவர் பயிற்சி பெற்ற அவசர மருத்துவ உதவியாளர். "டொக்டர் எங்கே?" என்று அவர்களுடன் சண்டை பிடிப்பதில் பயனில்லை. ஒட்சிசன் கொடுப்பது, இரத்தப்போக்கை நிறுத்துவது, முறிந்த காலை அசையாமல் கட்டுவது, உயிரைப் பிடித்தபடி வைத்தியசாலைக்குக் கொண்டுசேர்ப்பது, இவைதான் அந்த உதவியாளரின் வேலை. ஒரு வைத்தியசாலையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது இந்தச் சேவையின் வேலையல்ல. அதற்கு வைத்தியசாலையின் சொந்த அம்புலன்ஸ் இருக்கிறது.

முல்லைத்தீவிலிருந்து அழைத்தாலும் பதில் சொல்பவர் இருப்பது இராஜகிரியவில். தமிழில் பேசலாம். ஆனால் "சந்தியால் திரும்பினால் ஆலமரம்" என்றால் அவருக்கு எந்தச் சந்தி என்று விளங்காது. மாவட்டம், ஊர், பிரதான வீதி, பக்கத்துப் பாடசாலை அல்லது கோயிலின் பெயர் என்று ஒழுங்காகச் சொல்லுங்கள். வீடு ஒழுங்கைக்குள் என்றால் ஒருவரை வீதிக்கு அனுப்புங்கள்.

அம்மா இப்போது அந்த இலக்கத்தை எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறார். கீழே எங்கள் ஒழுங்கை முகப்பிலுள்ள பாடசாலையின் பெயர்.