டெரியர்: வளையிலிருந்து வரவேற்பறை வரை

பழைய ஹெச்.எம்.வி. இசைத்தட்டுகளின் நடுவில் ஒரு நாய் கிராமபோன் குழாய்க்கு முன்னால் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும். நம்மில் பலர் பார்த்த முதல் டெரியர் நாய் அதுதான். பெயர் நிப்பர். 1884-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்தது. வீட்டுக்கு வருகிறவர்களின் காலைக் கவ்வும் பழக்கத்தால் அந்தப் பெயராம்! 1895-ல் அது இறந்தபின் ஓவியர் பிரான்சிஸ் பராட் வரைந்த படத்தை, 1899-ல் கிராமபோன் கம்பெனி 100 பவுண்டுக்கு வாங்கியது. அப்படித்தான் அது தமிழ்ப் பாட்டு ரிகார்டுகளோடு நம் வீடுகளுக்கும் வந்து சேர்ந்தது.

படத்தில் எஜமானின் குரலைக் கேட்டுச் சாதுவாக உட்கார்ந்திருந்தாலும், டெரியர்களின் பரம்பரைத் தொழில் வேறு. லத்தீனில் 'டெர்ரா' என்றால் மண். நரி வளைக்குள் புகுந்து அதை வெளியே விரட்டுவதும், எலி பிடிப்பதும்தான் இவற்றின் வேலை. வளைக்குள் நுழையத்தான் சிறிய உடம்பு. தான் இருக்கும் இடம் மேலே நிற்பவர்களுக்குத் தெரியத்தான் ஓயாத குரைப்பு. மண்ணுக்கடியில் எஜமானின் கட்டளை எட்டாது. எனவே தானே முடிவெடுக்கும் பிடிவாதமும் வேண்டியிருந்தது.

1819-ல் ஆக்ஸ்போர்டில் மாணவராக இருந்த ஜான் ரஸ்ஸல், பால்காரர் ஒருவரிடம் 'டிரம்ப்' என்ற பெண் டெரியரை வாங்கினார். பின்னாளில் பாதிரியாரான அவர் வேட்டைக்காக வளர்த்த வழிதான் இன்றைய 'ஜாக் ரஸ்ஸல்' டெரியர். வெள்ளை நிறம் இருந்தால் நரியென்று நினைத்து நாயைத் தாக்கும் ஆபத்து குறைவு.

பட்டுப் போன்ற முடியோடு மடியில் உட்காரும் யார்க்‌ஷயர் டெரியரின் கதை இன்னும் வேடிக்கை. 19-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்திலிருந்து யார்க்‌ஷயர் பகுதி நெசவாலைகளுக்குப் பிழைக்க வந்த தொழிலாளர்களின் நாய்களே இதன் முன்னோர். ஆலைகளில் எலி பிடித்த கூலிக்காரன் வம்சம், சீமாட்டிகளின் செல்லமாகிவிட்டது.

நம் ஊரிலும் இப்படித்தான். முயல் வேட்டைக்குப் பெயர்போன சிப்பிப்பாறை நாயைச் சங்கிலியில் கட்டிப் போட்டால் அதன் கால்கள் எதற்கு?

தொழில் போனாலும் குணம் போகவில்லை. நெய்வேலி டவுன்ஷிப் போல தோட்டம் உள்ள குவார்ட்டர்ஸில் ஒரு டெரியர் வளர்ந்தால், ரோஜாச் செடியைத் தோண்டும், பெருச்சாளி பொந்தைப் பார்த்துக் குரைக்கும். 'சேட்டை தாங்கவில்லை' என்று சிலர் அடிப்பார்கள். சிலர் யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். அது சேட்டையல்ல நண்பர்களே, பல தலைமுறையாக மனிதன் பழக்கிய வேலை!

குட்டியின் அழகைப் பார்த்து வாங்குமுன் அதன் தொழிலையும் விசாரியுங்கள். தினமும் ஓட வைக்க நேரமும், தோண்டுவதற்கு ஒரு மூலையும் தர முடிந்தால் மட்டும் டெரியரை வீட்டுக்கு அழைத்து வாருங்கள்.