மூட்டு வலியா, நரம்பு வலியா, நாள்பட்ட வலியா? தைலம் தேய்க்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

காலையில் கட்டிலை விட்டு இறங்கும்போதே முழங்கால் பிடித்துக்கொள்ளும். இரவில் கை மரத்துப்போய்த் தூக்கம் கலையும். இடுப்பில் தொடங்கும் வலி பாதம் வரை மின்சாரம் போல் இறங்கும். தோட்டத்தில் பல ஆண்டுகள் பால்மரம் சீவியவர்கள், செம்பனைக் குலை தள்ளியவர்கள், தொழிற்சாலையில் நின்றபடி வேலை பார்ப்பவர்கள், நாள் முழுக்க லாரி ஓட்டுபவர்கள் என நம்மில் பலருக்கு இவை பழகிப்போன தொல்லைகள்.

“வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்” என்று சொல்லித் தைலம் தேய்த்துக்கொண்டு பலர் காலத்தைக் கடத்துகிறார்கள். எல்லா வலியும் ஒன்றல்ல. மூட்டு வலிக்கு உதவும் ஒன்று நரம்பு வலிக்குத் தீங்காகலாம். பிசியோதெராபி எனப்படும் இயன்முறை சிகிச்சை, வலி எந்த வகையைச் சேர்ந்தது என்று கண்டறிவதில்தான் தொடங்குகிறது.

மூட்டு வலி: ஓய்வு மட்டும் போதாது

முழங்கால் தேய்மானத்தின் அடையாளங்கள் தெளிவானவை. படி ஏறி இறங்கும்போதும், தரையில் உட்கார்ந்து எழும்போதும் வலிக்கும். காலையில் இருக்கும் இறுக்கம் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தளர்ந்துவிடும்.

‘தேய்மானம்’ என்ற சொல்லே பலரைப் பயமுறுத்துகிறது. நடந்தால் மேலும் தேயும் என்று எண்ணி உட்கார்ந்துவிடுகிறார்கள். அப்போது தொடைத் தசை மெலிகிறது. முழங்காலைத் தாங்குவது அந்தத் தசைதான் என்பதால், அது மெலிய மெலிய மூட்டின் மீது விழும் சுமை கூடி, வலியும் கூடுகிறது.

வீட்டிலேயே செய்யக்கூடிய எளிய பயிற்சிகள் இரண்டு:

• காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்கு அடியில் சுருட்டிய துண்டை வைத்து, அதைக் கீழ்நோக்கி அழுத்தி 5 விநாடி பிடித்து விடவும். ஒவ்வொரு காலுக்கும் 10 முறை.

• கைப்பிடி உள்ள உறுதியான நாற்காலியில் உட்கார்ந்து, மெதுவாக எழுந்து, மெதுவாக உட்காரவும். 5 முறையில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டலாம்.

பயிற்சியின்போது லேசான வலி வருவது இயல்பு. மறுநாள் காலையிலும் அந்த வலி வழக்கத்தைவிடக் கூடுதலாக இருந்தால், எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். பயிற்சியையே நிறுத்திவிட வேண்டியதில்லை.

உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், நடக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மீதான சுமை ஏறக்குறைய 4 கிலோ குறைகிறது. படி ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள். இறங்கும்போது வலிக்கும் காலை முதலில் வையுங்கள். பத்துமலையின் 272 படிகளுக்கும் வீட்டு மாடிப்படிக்கும் இதுவே முறை. கைத்தடி பிடிப்பவர்கள் அதை வலிக்கும் காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் பிடிக்க வேண்டும்.

இரு கைகளின் சிறு மூட்டுகளும் வீங்கி, காலை இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடித்தால் அது முடக்குவாதமாக இருக்கலாம். கால் பெருவிரல் திடீரெனச் சிவந்து வீங்கினால் அது யூரிக் அமிலத்தால் வரும் ‘கௌட்’ ஆக இருக்கலாம். இவ்விரண்டுக்கும் முதலில் டாக்டரைப் பார்க்க வேண்டும். பயிற்சி அதற்குப் பிறகுதான்.

நரம்பு வலி: எரிச்சல், மரமரப்பு, மின்சாரம்

நரம்பு வலி ஓரிடத்தில் நிற்காமல் ஓடும். எரிச்சல், ஊசி குத்துதல், மரத்துப்போதல் ஆகியவை அதன் அடையாளங்கள்.

முதுகெலும்பின் வட்டு விலகி நரம்பை அழுத்தினால், வலி இடுப்பிலிருந்து பிட்டம், தொடை வழியாக முழங்காலுக்குக் கீழேயும் இறங்கும். பெரும்பாலோருக்கு இது சில வாரங்களிலிருந்து மூன்று மாதங்களுக்குள் அறுவை சிகிச்சை இல்லாமலேயே தணிகிறது. வாரக் கணக்கில் படுத்தே கிடப்பது குணத்தைத் தாமதப்படுத்தும். நெடுநேரம் உட்காராமல், சிறு சிறு நடையாக நடப்பது நல்லது.

இரவில் கட்டை விரல், ஆள்காட்டி விரல், நடு விரல் மரத்துப்போய், கையை உதறினால் சரியாவது மணிக்கட்டு நரம்பு நெருக்கத்தின் அடையாளம். ஒரே கை அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் தொழிலாளர்களுக்கு இது வரும். தூங்கும்போது மணிக்கட்டை மடங்காமல் நேராக வைக்கும் பட்டை தொடக்க நிலையில் நன்கு உதவும்.

இனிப்பு நீர் உள்ளவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். 2023-ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு இந்நோய் உள்ளது. இது இரு பாதங்களிலும் காலுறை அணிந்தது போன்ற மரமரப்பை உண்டாக்கும். அத்தகைய பாதத்தில் சுடுநீர் ஒத்தடம் கொடுத்தால் தோல் வெந்தாலும் தெரியாது. அந்தப் புண் ஆறாமல் போய், காலையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். மரத்த பாதத்துக்கு ஒத்தடம் வேண்டாம். வெறுங்காலோடு நடக்கவும் வேண்டாம். தினமும் இரவில் பாதத்தின் அடிப்பக்கத்தைப் பார்த்துவிட்டே படுக்க வேண்டும்.

தோள் இறுகி, தலைவாரக்கூடக் கையைத் தூக்க முடியாத ‘உறைந்த தோள்’ தொல்லையும் இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு அதிகம் வருகிறது. வலிக்குப் பயந்து கையை அசைக்காமலே வைத்திருந்தால் தோள் மேலும் இறுகும்.

நாள்பட்ட வலி: மனப்பிரமை அல்ல

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிப்பதையே மருத்துவம் நாள்பட்ட வலி என்கிறது. அடிபட்ட இடம் ஆறிய பிறகும் நரம்பு மண்டலம் எச்சரிக்கையை நிறுத்தாமல் இருப்பது இதற்கு ஒரு காரணம். திருடனைக் கண்டு குரைக்க வேண்டிய நாய், இலை அசைந்தாலும் குரைப்பதைப் போன்றது அது. வலி உண்மையானது, ஆனால் வலிக்கும் ஒவ்வொரு முறையும் உடல் சேதமடைகிறது என்று பொருளல்ல. எக்ஸ்ரேயில் எதுவும் தெரியவில்லை என்பதற்காக, “நடிக்கிறார்” என்று வீட்டில் சொல்வது தவறு.

வலி குறைந்த நாளில் வீடு முழுவதையும் கழுவித் துடைத்துவிட்டு, அடுத்த மூன்று நாள் படுத்துவிடுவது பலரின் வழக்கம். அதற்கு மாறாக, வேலையைப் பங்கிட்டுத் தினமும் ஒரே அளவில் செய்ய வேண்டும். பத்து நிமிடம் நடக்க முடிந்தால் தினமும் பத்து நிமிடம் நடந்து, வாரந்தோறும் சிறிது கூட்டலாம். தூக்கக்குறைவும் மனக்கவலையும் வலியைப் பெருக்கும் என்பதால் அவற்றுக்கும் சிகிச்சை தேவை.

மாத்திரையில் கவனம்

டைக்ளோஃபெனக் போன்ற வலி மாத்திரைகளை டாக்டரைக் கேட்காமல் மாதக் கணக்கில் விழுங்குவது வயிற்றில் புண்ணை உண்டாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். இனிப்பு நீரும் இரத்த அழுத்தமும் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

சந்தையிலும் இணையத்திலும் விற்கப்படும் சில ‘மூட்டு வலி ஜாமு’க்களில் ஸ்டீராய்டு கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்துள்ளது. இரண்டே நாளில் வலி பறந்துவிட்டால் சந்தேகப்பட வேண்டும். பொட்டலத்தில் ‘மால்’ எனத் தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டுவில்லையும் உள்ளனவா என்று பாருங்கள். நெடுநாள் சாப்பிட்டிருந்தால் திடீரென நிறுத்துவதும் ஆபத்து; பொட்டலத்தையே எடுத்துச் சென்று டாக்டரிடம் காட்டுங்கள்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

• முதுகு வலியோடு சிறுநீர், மலம் கட்டுப்பாடு இழத்தல், அல்லது தொடை இடுக்கு மரத்துப்போதல்
• கை அல்லது கால் பலம் வேகமாகக் குறைதல்
• காய்ச்சலோடு மூட்டு சிவந்து, சூடாகி வீங்குதல்
• காரணமின்றி எடை குறைதல், படுத்தாலும் தணியாத இரவு வலி
• ஒரு காலின் கெண்டைச் சதை மட்டும் வீங்கி வலித்தல்
• நெஞ்சு இறுக்கத்தோடு தோள், இடது கை, தாடையில் வலி

இவற்றில் ஒன்று இருந்தாலும் ஒத்தடம், உருவுதல் எதையும் முயலாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். அவசரத்துக்கு 999.

எங்கே போவது?

முதலில் அரசாங்க சுகாதாரக் கிளினிக்கில் டாக்டரைப் பார்க்கலாம். தேவைப்பட்டால் அவர் பிசியோதெராபிக்குக் கடிதம் தருவார். தனியார் நிலையத்துக்குச் செல்பவர்கள், சிகிச்சை அளிப்பவர் 2016-ஆம் ஆண்டு துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டத்தின் கீழ்ப் பதிவு பெற்றவரா என்று கேட்கலாம். அது உங்கள் உரிமை.

வேலையிடத்தில் அடிபட்டாலோ, வேலையால் வலி வந்திருப்பதாக டாக்டர் சொன்னாலோ, முதலாளியிடம் உடனே தெரிவியுங்கள். விபத்து தெரிய வந்த 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும். தகுதி பெறும் சந்தாதாரர்களுக்கு மறுவாழ்வு சிகிச்சையும் உண்டு. அதற்கென மலாக்காவில் 2014-இல் தொடங்கப்பட்ட சொக்சோ மறுவாழ்வு மையம் இயங்குகிறது. கிளினிக் அட்டை, மருத்துவ விடுப்புச் சீட்டு, மாத்திரைப் பட்டியல் ஆகியவற்றைத் தூக்கிப் போடாமல் ஒரே கோப்பில் வைத்திருங்கள்.

பயிற்சியின் பலன் இரண்டு நாளில் தெரியாது. ஆறிலிருந்து பன்னிரண்டு வாரம் ஆகும். அதுவரை விடாமல் செய்பவர்களுக்குத்தான், பிறர் கை பிடிக்காமல் எழுந்து நடக்கும் நாள்கள் நீள்கின்றன.