பிகேஎக்ஸெக்: 12 வருஷம் தூங்கின ஓட்டை

சி-யில புரோகிராம் எழுதினவங்க எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை உண்டு. ஆர்க்யுமெண்ட் லிஸ்ட்ல முதல் இடத்துல புரோகிராமோட பேர் கட்டாயம் இருக்கும்னு. லினக்ஸ் கெர்னல் அப்படி எந்த உத்தரவாதமும் தரலை. காலி லிஸ்டோடயும் ஒரு புரோகிராமைக் கிளப்பி விட முடிஞ்சுது. இது சரியில்லை, தடுக்கணும்னு மேன்பேஜ்களைப் பராமரிச்சிட்டிருந்த மைக்கேல் கெரிஸ்க் 2008-லயே சொல்லிட்டார். ஒருமித்த கருத்து வரலை, அப்படியே கிடப்புல போச்சு.

அடுத்த வருஷம், 2009 மே மாசம், போல்கிட் தொகுப்புல பிகேஎக்ஸெக் வந்துச்சு. சூடோவுக்குத் தம்பின்னு வச்சுக்குங்க. யார் ஓட்டினாலும் ரூட் அதிகாரத்தோடதான் கிளம்பும், அனுமதி உண்டா இல்லையான்னு அப்புறமாத்தான் பார்க்கும்.

இது ஆர்க்யுமெண்டுகளை 1-லேர்ந்து எண்ண ஆரம்பிக்குது. லிஸ்ட் காலின்னா 1-ங்கிறது லிஸ்டுக்கு வெளியில. அங்க, மெமரியில ஒட்டினாப்புல, என்விரான்மெண்ட் வேரியபிள்கள் உட்கார்ந்திருக்கு! முதல் வேரியபிளைப் புரோகிராம் பேர்னு நினைச்சு, அதோட முழுப் பாதையைத் தேடிக் கண்டுபிடிச்சு, அதே இடத்துல எழுதியும் வச்சுடும். (எவ்ளோ நல்ல பிள்ளை பாருங்க!)

ரூட்டா ஓடுற புரோகிராமுக்குள்ள ஆபத்தான வேரியபிள் எதுவும் நுழையாம ஜிலிப்சி லோடர் வாசல்லயே களைஞ்சுடும். ஆனா இது வாட்ச்மேன் சோதனையெல்லாம் முடிஞ்சப்புறம் வீட்டுக்குள்ளயே முளைக்கிற சரக்கு. ஜிகான்வ்_பாத்னு ஒரு வேரியபிள், எழுத்துக் குறிமுறை மாற்ற லைப்ரரிகள் எங்க இருக்குன்னு சொல்றது. அதை இப்படி உள்ள விட்டுட்டு, பிகேஎக்ஸெக் ஒரு பிழைச் செய்தி அச்சடிக்கிற மாதிரி செஞ்சாப் போதும். செய்தியை மாத்தறதுக்காக நம்ம லைப்ரரியை ரூட்டா ஏத்திக்கும். சோலி முடிஞ்சுது.

எனக்குப் பிடிச்ச கட்டம் 2013. ரையன் மேலன்னு ஒரு பதிவர் (நம்ம சாதிதான்!) இந்தக் காலி லிஸ்ட் கூத்தைப் பத்தி எழுதறப்ப பிகேஎக்ஸெக்கையே கையைக் காட்டியிருக்கார். ரூட் வரைக்கும் போற வழி மட்டும் அவருக்குப் பிடிபடலை. செஞ்சு காட்டினாத்தான் ஓட்டைன்னு ஒத்துக்குவோம்ங்கிற நம்ம துறையோட பிடிவாதத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியலை.

செஞ்சு காட்டினது குவாலிஸ் நிறுவனம். 2022 ஜனவரி 25-ல விவரத்தை வெளியிட்டு 'பூன்கிட்'னு பேரும் வச்சாங்க. உபுண்டு, டெபியன், ஃபெடோரா, சென்ட்ஓஎஸ் எல்லாம் காலி. சில மணி நேரத்துலயே ஆளாளுக்கு எக்ஸ்ப்ளாய்ட் எழுதிட்டாங்க. ஓபன்பிஎஸ்டி தப்பிச்சுது, அதோட கெர்னல் காலி லிஸ்டை ஏத்துக்கறதே இல்லை.

லினக்ஸ் கெர்னல்லயும் அதே வருஷம் 5.18-ல திருத்தம் வந்துச்சு. லிஸ்ட் காலியா வந்தா, கெர்னலே ஒரு வெற்றுச் சரத்தை உள்ள வச்சுடும். அந்தத் திருத்தத்தோட குறிப்புல, இதை 2008-லயே கெரிஸ்க் சொன்னார்னு எழுதியிருக்காங்க.