சூட்டிலும் குணம் மாறாத நானோ படிக மென்காந்தம்

உம்பாய் கம்பத்து வீடானாலும் மலாக்கா நகர அடுக்குமாடியானாலும், மின்பெட்டிக்குள் ‘இ.எல்.சி.பி.’ என்று நாம் அழைக்கும் மின்கசிவுத் துண்டிப்பான் இருக்கும். போகும் மின்னோட்டமும் திரும்பும் மின்னோட்டமும் சமமாக இல்லாவிட்டால் அது மின்சாரத்தைத் துண்டித்துவிடும். 30 மில்லி ஆம்பியர் போன்ற சிறு கசிவை உணர்வது அதனுள் இருக்கும் உலோக வளையம். பல துண்டிப்பான்களில் இவ்வளையம் நானோ படிகக் கலப்புலோகத்தால் ஆனது.

எளிதில் காந்தமாகி, எளிதில் அக்காந்தத்தை விட்டுவிடும் பொருளே மென்காந்தம். ஜப்பானின் ஹிட்டாச்சி மெட்டல்ஸ் நிறுவனத்தின் யோஷிசாவா, ஒகுமா, யமாவுச்சி ஆகியோர் 1988-இல் ‘ஃபைன்மெட்’ என்ற கலப்புலோகத்தை அறிவித்தனர். இரும்பு, சிலிக்கன், போரான், நையோபியம், தாமிரம் ஆகியவை இதில் அடங்கும்.

உருகிய கலவையைச் சுழலும் சக்கரத்தின்மீது பாய்ச்சினால் நொடியில் உறைந்து, சுமார் 20 மைக்ரான் தடிமனுள்ள நாடாவாகிறது. அப்போது அதில் படிகமே இருக்காது. பிறகு சுமார் 550 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் சூடாக்குவார்கள். தாமிர அணுக்கள் திரண்டு படிகங்கள் முளைக்க வித்தாகின்றன; நையோபியம் அவற்றைப் பெருக்கவிடாமல் தடுக்கிறது. படிகங்கள் 10 முதல் 15 நானோமீட்டர் அளவிலேயே நின்றுவிடுகின்றன.

இந்தச் சிறுமைதான் அதன் உயிர். ஜெர்மானிய ஆய்வாளர் ஹெர்ஸர் காட்டிய விதிப்படி, காந்தத்தை மாற்றுவதற்கான எதிர்ப்பு படிக விட்டத்தின் ஆறாம் அடுக்குக்கு ஏற்ப உயரும். படிகம் இருமடங்கானால் எதிர்ப்பு 64 மடங்காகும்.

வெப்பம் இரு வகைகளில் கெடுக்கும். சுமார் 300 டிகிரிக்கு மேல், படிகங்களுக்கு இடையே எஞ்சியுள்ள படிகமற்ற பகுதி காந்தத்தை இழப்பதால் படிகங்களின் பிணைப்பு தளர்கிறது. ஆறினால் இது சரியாகிவிடும். 600 டிகிரியைத் தாண்டிச் சூடேறினால் இரும்புப் போரைடுகள் உருவாகி, படிகங்களும் பெருக்கின்றன. அந்தக் கேடு ஆறினாலும் மாறாது. நடைமுறையில் வளையத்தின் உறையும் பசையும் இதற்கு வெகு முன்பே தாங்காமல் போகும் என்பதால், பயன்பாட்டு வரம்பைப் பெரும்பாலும் 120 முதல் 150 டிகிரிக்குள் வைக்கிறார்கள்.

ஆகவே நம் ஊர் வெயிலால் வளையம் கெடாது. துண்டிப்பான் வேலை செய்யாமல் போனால், இயங்கும் பாகங்கள் இறுகியிருப்பது ஒரு முக்கியக் காரணம். மாதம் ஒருமுறை ‘டெஸ்ட்’ பொத்தானை அழுத்திப் பாருங்கள். மின்சாரம் துண்டிக்கப்படாவிட்டால், பதிவுபெற்ற வயர்மேனை அழைத்து உடனே மாற்றிவிடுங்கள்.