கோட்டையும் கிலோவும்: நாஞ்சில் நாட்டு நெல்லளவையை எடையாக மாற்றுவதில் எழும் வரலாற்றுச் சிக்கல்

நாஞ்சில் நாட்டு வேளாண் வரலாற்றை ஆராய்வோர், பழைய ஆவணங்களில் காணும் நெல்லளவைக் கிலோகிராமாக மாற்றித் தருவதுண்டு. கோட்டைக்கு இத்தனை கிலோ என்று ஒரே எண்ணைக் கொண்டு பாட்டம், அறுவடைக் கூலி, விளைச்சல் ஆகிய மூன்றும் கணக்கிடப்படுகின்றன. முகத்தலளவையை நிறுத்தலளவையாக்கும் இம்முறை பொருந்துமா என்பதே இக்கட்டுரையின் வினா.

தோவாளை, அகத்தீசுவரம் வட்டங்களாலான இப்பகுதியில் 21 மரக்கால் ஒரு கோட்டை. மரக்காலுக்கு 8 நாழி என்னும் தமிழ் வாய்பாட்டின்படி கோட்டைக்கு 168 நாழி. மலையாள வழக்கிலோ 4 நாழி ஓர் இடங்கழி, 10 இடங்கழி ஒரு பறை. 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணையும்வரை இவ்வட்டங்கள் மலையாள ஆட்சிப் பரப்புக்குள் இருந்தமையால், ஓர் ஆவணத்தில் வரும் 'நாழி' எவ்வழக்கினது என்பதை முதலில் தெளிய வேண்டும்.

பழைய வாய்பாடு 360 நெல்லை ஒரு செவிடு என்கிறது. 5 செவிடு ஓர் ஆழாக்கு. 8 ஆழாக்கு ஒரு நாழி. எனவே நாழிக்கு 14,400 நெல். ஆயிரம் நெல்மணிகளின் எடை 20 முதல் 25 கிராம் என்று கொண்டால், நாழி நெல் 288 முதல் 360 கிராம் வரை நிற்கும். நெல்லின் இனம் மாறினாலே கணக்கு நான்கில் ஒரு பங்கு பிறழ்கிறது.

பருவம் இதனினும் பெரிய இடர். கன்னிப்பூ அறுவடை மழையை ஒட்டி வருவது; கும்பப்பூ மாசி வெயிலில் முடிவது. 24 விழுக்காடு ஈரமுள்ள 100 கிலோ நெல், 14 விழுக்காட்டுக்கு உலர்ந்தால் சற்றேறக்குறைய 88 கிலோவாகும். மரக்காலில் அளந்தால் இவ்வேறுபாடு இந்த அளவுக்குத் தெரியாது. ஆனால் பதர் மரக்காலை நிரப்பிவிடும். எடையில் ஈரமும் அளவையில் பதரும் கொடுப்பவருக்குச் சாதகம். குவித்து அளப்பதா, தலைதட்டி அளப்பதா என்பது அளக்கும் கையைப் பொறுத்தது. கூலி பெற்றவரின் உண்மை வருவாய் இவ்விடத்தில்தான் கூடிக் குறைந்தது. கிலோவாக்கப்பட்ட அட்டவணையில் இது மறைந்துபோகிறது.

அடுக்களையிலும் இதே நிலைதான். நாழி அரிசியை இடித்துச் சலித்த மாவு நாழியில் அடங்குவதில்லை. அமுக்கினால் ஓரளவு அடங்கும். 1896இல் பாஸ்டன் சமையற் பள்ளி நூலை வெளியிட்ட ஃபேனி ஃபார்மர், கோப்பையைத் தலைதட்டி அளக்குமாறு வற்புறுத்தியதும் இதற்காகவே. அடுமனைக் குறிப்புகளில் கோப்பைக்கும் கிராமுக்கும் இடையிலான பூசல் இன்றும் தீர்ந்தபாடில்லை.

அளவையை எடையாகப் படித்தால் நேரும் பிழைக்குத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் நல்ல சான்று. அங்குப் பொன்னை நிறுத்த கல்லுக்கும் நெல்லை அளந்த மரக்காலுக்கும் 'ஆடவல்லான்' என்றே பெயர். ஆயினும் இரண்டும் கலக்கவில்லை. ஐந்து நெல்லுக்கு இரண்டு அரிசி என்பது அங்குள்ள மாற்று வீதம். இதை எடையாகக் கொண்டால் அரிசி 40 விழுக்காடுதான் தேறியது என்றாகும். இன்றைய அரவையில் 67 விழுக்காடு எதிர்பார்க்கப்படுகிறது. பண்டை உழவர் பாதியை வீணாக்கினர் என்று முடிவுகட்ட இது இடந்தரும். லிட்டருக்கு நெல் 570 கிராம், அரிசி 800 கிராம் என்று கொண்டு முகத்தலளவையாகவே படித்தால், அதே வீதம் எடையில் ஏறத்தாழ 56 விழுக்காடாகிறது. குற்றுக்கூலியும் அதனுள் அடங்கியிருக்கலாம் என்பது என் கருத்து.

1956ஆம் ஆண்டின் எடை, அளவைத் தரப்படுத்தல் சட்டப்படி 1958 அக்டோபர் முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. அதன் பின்னரும் கோட்டை என்னும் சொல் வயற்பேச்சில் நின்றது; ஆனால் அது மரக்கால் நிறைந்த கோட்டையா, மூட்டை நிறுத்த கோட்டையா என்று கேட்டறிய வேண்டியதாயிற்று. ஆகவே, ஆய்வு அட்டவணைகளில் மூல அளவையை முதற்பத்தியில் அப்படியே நிறுத்தி, பூவையும் அளந்த முறையையும் அடுத்துக் குறித்து, கிலோவை ஒற்றை எண்ணாக அன்றி இரு எல்லைகளாகத் தருவதே தக்கது.